ஹவர்ட் காலேஜ் மேட்டில் கட்டடக்கலைப் பொது உரைகள்: டர்பனில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்திலிருந்து கல்யாணமாகி டர்பன் வந்தவள் நான். ஒரு வரைபட அலுவலகத்தில் வீட்டு பிளான் வரைகிறேன். சனிக்கிழமை காலையில், டர்பனில் இந்தியர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்தில், ஒரு கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தருகிறேன். குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்துக் கட்டடக்கலைத் துறையில் சில மாலைகளில் நடக்கும் பொது உரைகளுக்குப் பல வருடங்களாகப் போய்வருகிறேன். ஒவ்வொரு முறையும் மண்டபத்தில் நாலு பேரையாவது கூப்பிடுவேன். கூப்பிட்டதும் வருபவை அதே சந்தேகங்கள். வாயால் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன். அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே வைக்கிறேன்.

"பொது உரைன்னா என்னக்கா? நாங்க காலேஜ் படிக்காதவங்க. உள்ளே விடுவாங்களா?"

விடுவார்கள். பொது உரை என்றால் பொதுமக்களுக்கான உரை. ஒரு கட்டடக் கலைஞரோ, நில வடிவமைப்பாளரோ, நகரத் திட்டக்காரரோ, வரலாற்று ஆய்வாளரோ தான் செய்த வேலையைப் படம் போட்டு ஒரு மணி நேரம் பேசுவார். பிறகு கால் மணி, அரை மணி கேள்வி நேரம். முன்வரிசையில் பேராசிரியர்கள், நடுவில் ஊரில் தொழில் செய்கிறவர்கள், பின்னால் மாணவர்கள் என்று தானாக உட்கார்ந்துகொள்வார்கள். நடுவரிசையில் உட்காருங்கள், திரை நன்றாகத் தெரியும். யாரும் உங்கள் சான்றிதழைக் கேட்பதில்லை.

"டிக்கெட் எவ்வளவு?"

நான் போனவற்றில் பெரும்பாலானவை இலவசம். அழைப்பில் பெயர் பதிவு செய்யச் சொல்லியிருந்தால் மட்டும் பதிவு செய்யுங்கள். நாற்காலிக் கணக்குக்காகத்தான் அது. முழுநாள் கருத்தரங்கு என்றால் கட்டணம் இருக்கும், அது வேறு வகை.

"ஹவர்ட் காலேஜ்னா அந்தக் குவிமாடம் வச்ச பில்டிங்தானே? அது வக்கீல் படிக்கிற இடமாச்சே?"

குவிமாடக் கட்டடம் சட்டத்துறையுடையதுதான். 1931இல் திறந்தது. முதல் உலகப் போரில், 1916இல் சோம் போர்க்களத்தில் இறந்த ஹவர்ட் டேவிஸ் என்ற மகனின் நினைவாக அவன் தந்தை கொடுத்த பணத்தில் எழுந்தது. காலப்போக்கில் அந்தப் பெயரே மேட்டிலிருக்கும் வளாகம் முழுவதற்கும் ஆகிவிட்டது. கட்டடக்கலைத் துறை இருப்பது ஷெப்ஸ்டன் பில்டிங்கில். மேட்டின் முதுகில் நீளமாகப் படுத்திருக்கும் பெரிய கான்கிரீட் கட்டடம் அது. உள்ளே தளங்களின் கணக்கு முதல் தடவை போகிறவரைக் குழப்பும். அழைப்பில் உள்ள அறை எண்ணைக் குறித்துக்கொண்டு இருபது நிமிடம் முன்னதாகப் போய்விடுங்கள்.

"சாயங்காலம் ஆறு மணிக்கு மேல தனியா எப்படிம்மா போறது?"

தனியாகப் போகாதீர்கள். ஒரு காரில் நாலு பேராகப் போவோம். வாசல் காவலில் கேட்டால் காட்ட ஓட்டுநர் உரிமத்தைக் கையில் வைத்திருங்கள். விளக்குக் கம்பத்துக்குப் பக்கத்தில் காரை நிறுத்துங்கள். ஒன்பது மணிக்குள் வீடு திரும்பிவிடலாம். சாட்ஸ்வொர்த்திலிருந்து வருகிறவர்களுக்கு என் காரில் மூன்று இடம் எப்போதும் உண்டு.

"கட்டடம் சரி. லேண்ட்ஸ்கேப்னா தோட்டக்காரர் வேலைதானே? அதுக்கு எதுக்கு ஒரு லெக்சர்?"

என்னிடம் அதிகம் கேட்கப்பட்டது இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நில வடிவமைப்பில் செடி கடைசியில்தான் வரும். முதல் கேள்வி தண்ணீர். மழை எங்கே விழுகிறது, எந்த வழியாக இறங்குகிறது, எங்கே நிற்கிறது, எந்த மண் அதைத் தாங்கும். டர்பன் மேடும் பள்ளமுமான ஊர். நம் வீடுகளில் பாதி சரிவை வெட்டி, வெட்டிய மண்ணை முன்பக்கம் கொட்டி, அதன்மேல் கட்டியவை. 2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் பெய்த மழையை இங்கே யாரும் மறக்கவில்லை. சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. மாகாணத்தில் 400க்கும் அதிகமானோர் இறந்தார்கள். சரிந்த இடங்களைப் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பல இடங்களில் மேலேயிருந்து இறங்கிய தண்ணீருக்கு வழியே விட்டிருக்கவில்லை. தாங்குசுவர் கட்டியிருப்பார்கள், அதில் கசிவுத் துளை இருக்காது. சரிவைத் தாங்க லோஃபல்ஸ்டைன் என்ற கான்கிரீட் கல் அடுக்கியிருப்பார்கள், பின்னால் ஜல்லி போட்டிருக்க மாட்டார்கள். ஊறிய மண் சுவரை அப்படியே தள்ளிக்கொண்டு வந்துவிடும்.

இந்த மாதிரி விஷயங்களைத்தான் நில வடிவமைப்பு உரைகளில் பேசுகிறார்கள். வெஸ்ட்வில் வழியாக ஓடி உம்கேனி ஆற்றில் சேரும் பால்மியட் ஆற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கீழ்ப்பகுதியில், குவாரி ரோட் ஓரத்தில் தகரக் குடியிருப்பு இருக்கிறது. அங்கே வசிப்பவர்களும் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் மாநகராட்சியும் சேர்ந்து வெள்ள எச்சரிக்கை ஏற்பாடு ஒன்றை உருவாக்கினார்கள். 2022இல் அந்த எச்சரிக்கை கிடைத்ததால் மக்கள் முன்கூட்டியே வெளியேறினார்கள், வீடுகள் போயின, உயிர்கள் பிழைத்தன. கரும்புத் தோட்டச் சரிவுகளில் மண்ணைப் பிடிக்க இங்கே நடுவது நம் வெட்டிவேர்தான். ஊரில் விசிறிக்கும் பானைத் தண்ணீருக்கும் போட்ட வேர் இங்கே மலையைப் பிடித்து நிறுத்துகிறது என்று திரையில் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது.

இது தனிப் படிப்பு, தனித் தொழில். பிரிட்டோரியா, கேப் டவுன் பல்கலைக்கழகங்களில் பட்டம் உண்டு. இந்தத் தொழிலுக்கென்று 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தனிப் பதிவுக் குழுமமும் இருக்கிறது. இந்நாட்டில் இந்தத் தொழிலைத் தொடங்கி வைத்தவர்களில் முதன்மையானவர் ஜோவன் பிம் என்ற பெண்மணி. மரமில்லாத புல்வெளியில் எழுந்த வெல்கம் சுரங்க நகரத்தின் பூங்காக்களையும் மர வரிசைகளையும் திட்டமிட்டவர் அவர்.

"அந்த மேடு நம்ம ஆளுங்களுக்கு இல்லைன்னு எங்கப்பா சொல்லுவாரு. இன்னமும் எனக்கு அங்க போக கூச்சமா இருக்கு."

உங்கள் அப்பா சொன்னது அந்தக் காலத்துக்கு முழு உண்மை. 1936இல் நட்டால் பல்கலைக்கழகக் கல்லூரி வெள்ளையரல்லாதவருக்கு வகுப்பு தொடங்கியபோது, அது மேட்டில் நடக்கவில்லை. கீழே சாஸ்திரி கல்லூரியில், அங்கே பள்ளி நடக்காத நேரங்களில் நடந்தது. அந்தக் கல்லூரிக்குப் பெயர் தந்த சீனிவாச சாஸ்திரி எங்கள் ஊருக்குப் பக்கத்து வலங்கைமான்காரர். அப்புறம் 1959இல் இனத்துக்கு ஒரு பல்கலைக்கழகம் என்று சட்டம் வந்தது. 1961இல் இந்தியருக்கான கல்லூரியை சாலிஸ்பரி தீவில், கடற்படையின் பழைய பாசறையில் வைத்தார்கள். பிள்ளைகள் படகேறிப் படிக்கப் போனார்கள். அதுதான் பின்னால் டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகம். 2004இல் அதையும் நட்டால் பல்கலைக்கழகத்தையும் இணைத்த பிறகுதான் இன்றைய குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகம்.

என் மாமனார் கொத்தனார். டர்பனின் பெரியா என்ற மேட்டுப் பகுதியில் எத்தனையோ வீடுகளுக்குச் சுவர் எடுத்தவர், அந்த வளாகத்துக்குள் கால் வைத்ததில்லை. எழுபது வயதுக்கு மேல் ஒரு நாள் என்னோடு வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, தீபாவளிக்கு எடுத்த பூட்ஸ். அன்று மண் செங்கல் வீடுகளைப் பற்றிய பேச்சு. கேள்வி நேரத்தில் எழுந்து, "சுவருக்கு அடியில மழைத்தண்ணி எந்தப் பக்கம் போகுது?" என்று கேட்டார். பேசியவர் பத்துப் படம் பின்னால் போய், அஸ்திவாரத்தின் வெட்டுப்படத்தைத் தேடி எடுத்து, ஐந்து நிமிடம் அதற்கே பதில் சொன்னார். திரும்பும் வழியில் மாமா ஒன்றும் பேசவில்லை. வீட்டு வாசலில் இறங்கும்போது, "அடுத்தது எப்பம்மா?" என்றார்.

கூச்சம் இருக்கட்டும், அதோடேயே வாருங்கள்.

"எல்லாம் இங்கிலீஷ்லயே போகும். படமும் கோடு கோடா இருக்கும். எனக்கு என்ன புரியும்?"

டர்பனில் பிறந்தவர்களுக்கு ஆங்கிலம் தடையில்லை, கோடுதான் தடை. ஊரிலிருந்து புதிதாக வந்த சகோதரிகளுக்கு இரண்டும் தடை. கோட்டை முதலில் பார்ப்போம், இரண்டே படம் தெரிந்தால் போதும். வீட்டின் கூரையைத் தூக்கி வைத்துவிட்டு மேலிருந்து எட்டிப் பார்த்தால் தெரிவது தரைப்படம். வீட்டைக் கத்தியால் செங்குத்தாக வெட்டிப் பக்கத்திலிருந்து பார்த்தால் தெரிவது வெட்டுப்படம். சமோசாவை நடுவில் வெட்டினால் உள்ளே மசால் எவ்வளவு, மாவு எவ்வளவு என்று தெரிகிறதே, அதேதான். கறுப்பாக நிரப்பியிருந்தால் அது வெட்டுப்பட்ட சுவர். மெல்லிய கோடு என்றால் தள்ளி நிற்பது. வெட்டுப்படம் வரும்போது கவனமாகப் பாருங்கள். காற்றும் வெளிச்சமும் தண்ணீரும் அதில்தான் தெரியும்.

பிறகு வடக்கு அம்புக்குறியைத் தேடுங்கள். ஏன் என்று அடுத்த பதிலில் சொல்கிறேன். புரியாத சொல்லை எழுதி வைத்துக்கொண்டு வந்து சனிக்கிழமை என்னிடம் கேளுங்கள். நானும் முதல் வருடம் பாதி புரியாமல்தான் உட்கார்ந்திருந்தேன்.

"வாஸ்து பத்தி கேட்டா சிரிப்பாங்களா?"

கேட்கும் விதத்தில் இருக்கிறது. "ஈசானிய மூலையில் சமையலறை வைக்கலாமா" என்று கேட்டால் அவருக்குப் பதில் தெரியாது. "இந்த அறைக்குக் காலை வெயில் எந்தப் பக்கம் வருகிறது, ஏன் அப்படி வைத்தீர்கள்" என்று கேட்டால் உட்கார்ந்து பேசுவார்.

ஊரிலிருந்து வந்தவர்கள் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். நாம் இப்போது நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே, ஏறக்குறைய 30 பாகையில் இருக்கிறோம். இங்கே நடுப்பகல் சூரியன் எப்போதும் வடக்குப் பக்கம்தான் நிற்கும். ஜூன் மாதத்தில் சுமார் 37 பாகை உயரத்தில் சாய்ந்து வீட்டுக்குள் நுழையும். டிசம்பரில் 83 பாகைக்கு ஏறி உச்சியில் காயும். அதனால் வடக்கே சன்னலும் அதற்கு மேல் சரியான நீளத்தில் ஒரு சன்ஷேடும் வைத்தால் குளிரில் வெயில் உள்ளே வரும், கோடையில் வராது. காற்றும் இப்படித்தான். கடலோரமாக வடகிழக்கும் தென்மேற்கும்தான் இங்கே பெரிய காற்றுகள். மழையைக் கூட்டிக்கொண்டு வருவது தென்மேற்கு. கும்பகோணத்து மனையடிக் கணக்கைக் கொண்டுவந்து தெற்கே பெரிய சன்னலாக வைத்த வீட்டை நானே வரைந்திருக்கிறேன், வீட்டுக்காரர் பிடிவாதம். ஜூலையில் அந்தக் கூடத்தில் கம்பளி போர்த்திக்கொண்டுதான் உட்கார வேண்டும். நம் முன்னோர் நம் ஊர் வெயிலையும் காற்றையும் பார்த்து எழுதினார்கள். இந்த ஊரில் இருந்திருந்தால் இந்த ஊர் வானத்தைப் பார்த்துத்தான் எழுதியிருப்பார்கள்.

"பெரிய பெரிய மியூசியம், கோர்ட்டு கட்டினவங்கதான் வந்து பேசுறாங்க. என்னோட சாட்ஸ்வொர்த் வீட்டுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

இரண்டு கட்டடம் சொல்கிறேன், நீங்களே பாருங்கள். லிம்போபோவில் மாபுங்குப்வே தேசியப் பூங்காவில் ஒரு காட்சி மையம் இருக்கிறது. பீட்டர் ரிச் என்ற கலைஞர் வடிவமைத்தது, 2009இல் உலகின் சிறந்த கட்டடம் என்று விருது வாங்கியது. அதன் வளைகூரைகள் இரும்புக் கம்பியை நம்பி நிற்கவில்லை. அந்த இடத்து மண்ணில் கொஞ்சம் சிமென்ட் கலந்து, பக்கத்து ஊர்களில் வேலையில்லாமல் இருந்தவர்களைப் பழக்கி, மெல்லிய ஓடுகள் அழுத்தச் செய்து, அவற்றை ஒட்டி ஒட்டியே வளைத்தார்கள். செங்கல்லைச் சாய்த்து ஒட்டி மெட்ராஸ் டெரஸ் கூரை போட்ட கொத்தனார்களின் பேரப்பிள்ளைகளுக்கு இது விளங்காதா?

இன்னொன்று ஜோஹன்னஸ்பர்க்கில் 2004இல் திறந்த அரசியல் சாசன நீதிமன்றம். போட்டியில் வென்று அதை வடிவமைத்தவர்களில் டர்பன்காரர்களும் உண்டு. பழைய சிறை இருந்த இடம் அது. விசாரணைக் கைதிகளை அடைத்து வைத்த கட்டடத்தைப் பிரித்து, அந்தச் செங்கல்லையே நீதிமன்றத்துக்குள் சுவராக வைத்தார்கள். முகப்புக் கூடம் மரத்தடியில் உட்கார்ந்து நியாயம் பேசுவதை நினைத்து அமைந்தது. தூண்கள் மரம்போலச் சாய்ந்து நிற்கும். ஆலமரத்தடியைத் தெரிந்த நமக்கு அதை யாரும் விளக்க வேண்டாம்.

உங்கள் வீட்டுக்கு வருகிறேன். கேட்டோ மேனரிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் மக்களைப் பெயர்த்துவந்து, 1960களில் மாநகராட்சி வரிசை வரிசையாக ஒரே அச்சில் கட்டியது சாட்ஸ்வொர்த். வடக்கு எது, காற்று எது என்று பார்க்காமல் சாலை வளைந்தபடி வீடும் திரும்பியது. பின்னால் நாம் முன்பக்கம் ஒரு அறை, பக்கத்தில் ஒரு கேரேஜ், கொல்லையில் ஒரு அவுட்பில்டிங் என்று ஒட்டி ஒட்டி, ஒவ்வொரு வீட்டையும் நம்முடையதாக்கினோம். அந்த ஒட்டு வேலைகளைப் பற்றியே மணிக்கணக்கில் பேசலாம். அதைக் கேட்க ஆசைப்படும் மாணவர்களை எனக்குத் தெரியும்.

"எக்ஸ்டென்ஷனுக்கு ஒரு பிளான் போட்டு வச்சிருக்கேன். கேள்வி நேரத்துல காட்டிக் கேட்டுடலாமா?"

வேண்டாம். நூறு பேர் காத்திருக்கும்போது சொந்த வீட்டுக் கதவை எங்கே வைப்பது என்று கேட்டால் மற்றவர்களின் நேரம் போகும். முடிந்து தேநீர் குடிக்கும்போது நாலு வார்த்தை பொதுவாகக் கேட்கலாம். அப்போதும் அவர் சொல்வதை வைத்துச் சுவரை இடித்துவிடாதீர்கள். மனையைப் பார்க்காமல் சொன்னது.

1977ஆம் ஆண்டுக் கட்டட விதிச் சட்டப்படி மாநகராட்சியில் பிளான் பாஸ் ஆன பிறகுதான் கட்ட வேண்டும். பிளானைத் தருகிறவர் தென்னாப்பிரிக்கக் கட்டடக்கலைத் தொழில் குழுமத்தில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். பதிவில் கட்டடக் கலைஞர், மூத்த தொழில்நுட்பர், தொழில்நுட்பர், வரைபடக்காரர் என்று நான்கு படி. சின்ன வேலைக்குப் பெரிய படிக்காரர் தேவையில்லை. பதிவு எண்ணை மட்டும் கேட்டு வாங்கிச் சரிபாருங்கள். "எனக்கு ஆபீஸில் ஆள் தெரியும்" என்று சொல்கிறவரிடம் முன்பணம் கொடுத்துவிட்டு அழுதவர்கள் மண்டபத்திலேயே மூன்று பேர் இருக்கிறார்கள்.

"உள்ளே போகும்போது ஒரு தாள்ல கையெழுத்து கேட்டாங்க. பயந்து திரும்பிட்டேன்."

அது பதிவு பெற்ற தொழிலர்களுக்கான தாள். முன் பதிலில் சொன்ன குழுமத்தில் பதிவு நீடிக்க, தொடர்ந்து கற்றதற்குப் புள்ளி காட்ட வேண்டும். உரை கேட்டாலும் புள்ளி உண்டு. நீங்கள் கையெழுத்துப் போட வேண்டியதில்லை, "சும்மா கேட்க வந்தேன்" என்று சொல்லி உள்ளே போங்கள்.

"பையன் மெட்ரிக், அதான் பன்னெண்டாவது, படிக்கிறான். இந்த லெக்சருக்கெல்லாம் போனா அட்மிஷனுக்கு உதவுமா?"

மதிப்பெண்ணாக உதவாது. தேர்வில் கணக்குப் பாடம் கைகொடுக்க வேண்டும், அதற்கு மாற்று இல்லை. ஆனால் உரைகளுக்கு வருகிற பிள்ளைக்கு ஒன்று கிடைக்கிறது: இது தனக்குப் பிடித்த வேலையா என்பது ஆறு மாதத்தில் தெரிந்துவிடும். மூன்று வருடம் இளங்கலை, இரண்டு வருடம் முதுகலை, அதன்பின் பதிவு பெற்ற ஒருவரின் கீழ் பயிற்சி, பிறகு தேர்வு. நீண்ட பாதை. பிடிக்காமல் நடக்க முடியாது.

டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் வழியாகவும் இந்தத் தொழிலுக்குள் வரலாம். 2002இல் டெக்னிகான் என்ற தொழில்நுட்பக் கல்லூரிகள் இரண்டு சேர்ந்து உருவானது அது. அதில் ஒன்றுக்குப் பெயர் எம்.எல். சுல்தான், கொல்லத்திலிருந்து 1890இல் ஒப்பந்தக் கூலியாக வந்து, பின்னால் படிப்புக்கென்று செல்வத்தைக் கொடுத்தவர். பையனை ஒரு சின்ன வரைபட நோட்டு வாங்கச் சொல்லுங்கள். உரை கேட்கும்போதே திரையில் உள்ள வெட்டுப்படத்தைக் கையால் வரையட்டும்.

"வேற ஊர்லயும் இப்படி நடக்குதா?"

நடக்கிறது. பெயர் பெற்றது புளூம்ஃபொன்டீனில் ஃப்ரீ ஸ்டேட் பல்கலைக்கழகம் 1989 முதல் ஆண்டுதோறும் நடத்தும் சோஃபியா கிரே நினைவு உரை. சோஃபியா கிரே கேப் டவுன் பிஷப்பின் மனைவி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்நாட்டில் எத்தனையோ தேவாலயங்களுக்குத் தானே வரைபடம் போட்டவர். உரையோடு, பேச வரும் கலைஞரின் வேலைகளைக் கண்காட்சியாகவும் வைப்பார்கள்.

"எங்க கோயில் கமிட்டி பழைய கோயிலை இடிச்சிட்டு புதுசா கருங்கல்லுல கட்டப் போறாங்க. அந்தப் பேராசிரியருங்க காதுல விழுந்தா தடுப்பாங்களாமே?"

தடுப்பது பேராசிரியர் இல்லை, சட்டம். 1999ஆம் ஆண்டுத் தேசிய மரபுச் சொத்துச் சட்டத்தின் 34ஆம் பிரிவுப்படி 60 வருடத்துக்கு மேற்பட்ட எந்தக் கட்டடத்தையும் அனுமதியின்றி இடிக்கவோ மாற்றவோ கூடாது. நம் மாகாணத்தில் அனுமதி கேட்க வேண்டிய இடம் அமாஃபா என்ற மாகாண மரபுச் சொத்து நிறுவனம். கோயிலுக்கு விலக்கு இல்லை. நம் கோயில்களில் பலவும் அந்த வயதைத் தாண்டியவை. கமிட்டி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். வேலை தொடங்கிய பிறகு தெரிந்தால் பணமும் போகும், மனமும் புண்படும்.

சட்டத்தை ஒதுக்கிவைத்துவிட்டு என் மனதில் உள்ளதையும் சொல்லிவிடுகிறேன். 1860 நவம்பர் 16ஆம் தேதி மதராஸிலிருந்து ஒப்பந்தக் கூலிகளோடு வந்து டர்பனில் நின்றது ட்ரூரோ கப்பல். அதன் பின்னால் வந்தவர்கள் முதலில் தகரத்திலும் மூங்கில் படலிலும் சாமிக்கு இடம் செய்தார்கள். பிறகு செங்கல்லும் பூச்சும். கருங்கல் இல்லை, சிற்பி இல்லை, ஆகம நூல் கையில் இல்லை. நினைவில் இருந்த கோபுரத்தைக் காரையில் பிடித்தார்கள். கிஸ்தப்பா ரெட்டி, கொத்தனார் ராம்சாமி பிள்ளை போன்றவர்கள் இந்த மாகாணமெங்கும் கட்டியவை அவை. ராம்சாமி பிள்ளைக்குத் தொழிலே பெயரோடு ஒட்டிக்கொண்டது. நட்டால் பல்கலைக்கழகத்துக் கட்டடக்கலை ஆசிரியர்கள் 1980களின் தொடக்கத்திலேயே இந்தக் கோயில்களை அளந்து, படமெடுத்து ஆவணமாக்கினார்கள். இப்படியொரு கட்டடமுறை கும்பகோணத்தில் கிடையாது, மதுரையிலும் கிடையாது. இங்கே மட்டும்தான் உண்டு. கேட்டோ மேனரில் இரண்டாம் ஆற்றங்கரை அம்பலவாணர் ஆலயத்துக்குப் போய் அதன் கதவுகளைப் பாருங்கள். 1875 வாக்கில் உம்பிலோ ஆற்றங்கரையில் எழுந்த முதல் கோயிலை வெள்ளம் கொண்டுபோனபோது மீட்ட கதவுகள். 1947இல் எழுந்த கோயிலுக்கு அவற்றையே வைத்தார்கள். 1980இல் அது தேசியச் சின்னமானது. வெள்ளத்திலிருந்து கதவைத் தூக்கி வந்தவர்களின் பிள்ளைகள் நாம், இயந்திரம் வைத்து இடிக்கும் முன் ஒரு தடவை யோசிப்போம்.

இடம் போதவில்லை, மழை ஒழுகுகிறது என்பவை நியாயமான குறைகள். பழையதை நிறுத்திப் பக்கத்தில் புது மண்டபம் எடுக்கலாம். ஒழுகலுக்கு எந்தப் பூச்சு என்று கேட்கலாம். பழைய சுண்ணாம்புப் பூச்சின்மேல் சிமென்டும் பிளாஸ்டிக் பெயின்டும் அடித்தால் ஈரம் உள்ளேயே தங்கிச் சுவர் உதிரும். கமிட்டியிலிருந்து இரண்டு பேர் உரைக்கு வந்து இதைக் கேளுங்கள், எதிரியாக யாரும் பார்க்க மாட்டார்கள்.

"கோயில் தோட்டத்துல இருக்கிற சிரிங்கா மரத்தை அன்னிய மரம்னு வெட்டச் சொல்றாங்க. மாரியம்மனுக்கு அந்த இலையைத்தானே கட்டுறோம்?"

சிரிங்கா நம் மலைவேம்பு. வேம்புக்கு உறவு, சாயலும் அதேதான். வேம்பு கிடைக்காத இடத்தில் அதன் இலையைக் கட்டுவது எங்கள் வீட்டிலும் வழக்கம். ஆனால் பறவைகள் பழத்தைத் தின்று விதையை ஆற்றோரமெல்லாம் போட, அங்கே இருக்க வேண்டிய மரங்களை அது தள்ளிவிடுகிறது. 2004ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்தின்கீழ் வந்த பட்டியலில் படர்ந்து கெடுக்கும் இனமாக அது இருக்கிறது. புதிதாக நடாதீர்கள். ஆற்றோரத்தில் இருந்தால் எடுத்துவிட வேண்டும். கோயில் முற்றத்தில் நிற்கும் பழைய மரத்துக்கு என்ன விதி என்பதை மாநகராட்சியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அதன் இடத்தில் உண்மையான வேம்பை வளர்த்து எடுக்கலாம். இந்த மண்ணின் மரம் வேண்டுமென்றால் உம்சின்சி இருக்கிறது. ஜூலூவில் அந்தப் பெயர். நம் கல்யாண முருங்கையின் உடன்பிறப்பு, இலையில்லாத கிளையில் சிவப்பாகப் பூக்கும். ஹவர்ட் காலேஜ் வளாகத்திலேயே அதன் பெயரில் ம்சின்சி என்று ஒரு சிறு காப்பிடம் உண்டு. பந்தக்கால் நட நம் ஊரில் கல்யாண முருங்கைக் கொம்பைத் தேடுவார்கள். இங்கே அதன் அக்காள் மகள் வாசலிலேயே நிற்கிறாள்.

"பேசுறவர் சொல்றது தப்புன்னு தோணினா எதிர்த்துக் கேட்கலாமா? மரியாதைக் குறைவு ஆகாதா?"

கேட்கலாம். எழுந்து நின்று, பெயர் சொல்லி, ஒரே கேள்வியாகக் கேளுங்கள். என் மாமனார் கேட்டதை மேலே எழுதியிருக்கிறேன். அதில் கோபமில்லை, ஆனால் அது பேச்சின் அஸ்திவாரத்தையே தொட்ட கேள்வி.

கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு டர்பன் நகரத்துச் சந்தைப் பகுதியான வாரிக் ஜங்ஷன் சாட்சி. 1910 முதல் இருக்கிறது அங்குள்ள அதிகாலைச் சந்தை. நம் காய்கறித் தோட்டக்காரர்கள் இருட்டோடு வண்டி கட்டி வந்த இடம். 2009இல் அந்த இடத்தில் மால் கட்டத் திட்டம் வந்தது. படத்தில் அழகாகவே இருந்தது, கீரைக்கட்டு விற்கும் ஆயாவுக்கு மட்டும் அந்தப் படத்தில் இடமில்லை. வியாபாரிகள் எதிர்த்தார்கள், வழக்குப் போட்டார்கள். கட்டடக் கலைஞர்களிலும் திட்டக்காரர்களிலும் பலர் அவர்கள் பக்கம் நின்றார்கள். திட்டம் கைவிடப்பட்டது. அதே வாரிக்கில், பாதியில் நின்றுபோன நெடுஞ்சாலைப் பாலத்தின்மேல் மூலிகை வியாபாரிகளுக்குச் சந்தை அமைத்தார்கள். அங்கே விற்பவர்களைக் கேட்டுக் கேட்டுச் செய்த வேலை அது. படத்தைப் போடும்போதே கேள்வி கேட்பதுதான் எல்லாருக்கும் செலவு குறைவு.

"தமிழ்ல இப்படி ஒரு உரை நடக்கவே நடக்காதாக்கா?"

மேட்டில் நடக்காது. மண்டபத்தில் நடத்தலாம். வருகிற தைப்பூசம் முடிந்த பிறகு ஒரு சனிக்கிழமை, வகுப்பு நேரத்துக்குப் பின், நம் கோயில் கட்டிய கதையிலிருந்தே தொடங்க நினைக்கிறேன். அதற்கு உங்களிடமிருந்து சில பொருள்கள் வேண்டும். பழைய கல்யாணப் படங்களைப் புரட்டுங்கள், பின்னணியில் கோயில் தெரிந்தால் எடுத்து வையுங்கள். ஆயாக்களிடம் முதலில் எந்தப் பக்கம் வாசல் இருந்தது என்று கேட்டு எழுதுங்கள். யார் வீட்டிலாவது பழைய ரசமட்டமோ, தூக்குக்குண்டோ, கோபுரத்துப் பொம்மைக்குச் செய்த அச்சோ கிடந்தால் துடைக்காமல் அப்படியே கொண்டுவாருங்கள். கோயிலை அளக்க ஐம்பது மீட்டர் டேப் என்னிடம் இருக்கிறது. மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டும்.